ஆடிக் கரகத்தை இனியும் உம்கேனி ஆற்றில் விடலாமா?

உம்கேனிக்கரை (டர்பன் நார்த், தென்னாப்பிரிக்கா):

எல்லோருக்கும் வணக்கம். ஆடி நெருங்குகிறது. எங்கள் கோயில் கமிட்டியில் கூழ் பூசைக்கான பேச்சு தொடங்கியாயிற்று. மாவு யார் தருவது, பந்தல் யார் போடுவது என்பதெல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. அப்புறம் ஒரே ஒரு கேள்வியில் ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கரகத்தை இந்த முறையும் ஆற்றுக்குக் கொண்டுபோவதா?

வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து, உடுக்கை முன்னே போக, கோயிலுக்குக் கொண்டுவருவோம். அம்மனுக்குப் பூசை, கூழ் வார்ப்பு எல்லாம் முடிந்த பிறகு சாயங்காலம் திரும்ப ஆற்றுக்குப் போவோம். கரகத்துத் தண்ணீர், பூ, இலை எல்லாவற்றையும் ஓடும் நீரில் விட்டுவிட்டுச் செம்பை மட்டும் எடுத்து வருவோம். கரும்புத் தோட்டத்துக் காலத்திலிருந்து எங்கள் பக்கம் இப்படித்தான்.

இப்போது ஆறு இருக்கிற நிலை உங்களுக்கே தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் ஏற்று நிலையங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் அடிபட்டன. கடற்கரையை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமியின் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில்கூட வந்துவிட்டது.

அண்மையில் ப்ளூ லகூன் பக்கம் போய் முகத்துவாரத்தில் நின்று பார்த்தேன். சதுப்புமர வேர்களில் மஞ்சள்தூள் பாக்கெட், கற்பூர டப்பா, தேங்காய் மூடி. சிவப்புக் கரை போட்ட ஒரு சேலை பாதி சேற்றுக்குள், பாதி வேருக்கு மேலே. கண்ணாடி உடைந்த லட்சுமி படம் ஒன்று குப்புறக் கிடந்தது, பின்பக்கம் ஒட்டியிருந்த கடை லேபிளில் விலைகூட அழியவில்லை. எல்லாம் யாரோ பக்தியோடு கொண்டுவந்து விட்டதுதான்.

கமிட்டியில் மூத்தவர் ஒருவர், 2022 வெள்ளமே அம்மனின் கோபம், வழக்கத்தில் கைவைத்தால் இன்னொன்று வரும் என்றார். கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. அந்த இடத்தில் மறுத்துப் பேச எனக்கும் நா எழவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


சாட்ஸ்வர்த் தாத்தா:

தம்பி, கேட்டது நல்லது. என் பதில் உனக்குப் பிடிக்காமல் போகலாம்.

1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தபோது நம் ஆட்களுக்குக் கோயில் ஏது? கம்பும் மண்ணும் வைத்து ஒரு குடிசை கட்டி அதற்குள் அம்மனை வைப்பதற்கு முன்னால், அவர்கள் கும்பிட்ட இடம் ஆற்றங்கரைதான். அங்கே தோட்டத்துச் சர்தார் (கங்காணி) அதட்ட மாட்டான். தண்ணீர் இருந்தது, மணல் இருந்தது, நிழலுக்கு ஒரு மரம் இருந்தது. அது போதும் என்று இருந்தார்கள்.

அம்பலவாணர் ஆலயத்தை எடுத்துக்கொள். 1875-ல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பியது. 1905 வெள்ளம் அதை அழித்தது. பிறகு 1947-ல் கேட்டோ மேனரில் திரும்பக் கட்டினார்கள், பழைய கோயிலின் கதவுகளை அதில் வைத்தார்கள். புதிய இடத்துக்கும் ஜனங்கள் வைத்த பெயர் செகண்ட் ரிவர் கோயில். ஒரு ஆறு கொண்டுபோனதென்று ஆறே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மன் கோபம் என்ற பேச்சு எனக்கும் ஒப்பாது. பெற்றவள் பிள்ளையை மூழ்கடிப்பாளா? ஆனால் ஆறு அழுக்காகிவிட்டதால் அம்மனை ஆற்றுக்குக் கூட்டிப்போகாதே என்பதும் எனக்கு ஒப்பவில்லை. தாய் நோயாய்க் கிடந்தால் பார்க்கப் போவதை நிறுத்துவோமா?


கேள்விக்குறி:

தாத்தா உருக்கமாக எழுதிவிட்டார், நான் கொஞ்சம் வறட்டுத்தனமாக எழுதுகிறேன்.

ஒரு ஏற்று நிலையத்தில் மோட்டார் நின்றுபோனால் ஒரு ராத்திரியில் ஆற்றுக்குள் போகிற சாக்கடைக்கு முன்னால், டர்பனில் உள்ள அத்தனை கோயில்களின் கரகப் பூவும் ஒரு பொருட்டே இல்லை. நாலு எலுமிச்சம்பழத்தால் எந்த ஆறும் சாகவில்லை. இதை விட்டுவிட்டு "நம் பொறுப்பு, நம் பொறுப்பு" என்று மார்பில் அடித்துக்கொண்டால், யார் பதில் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குத்தான் வசதி.


கரும்புத்தோட்டம் (டோங்காட்):

கோபம் என்ற பேச்சு வந்துவிட்டதால் நானும் சொல்லிவிடுகிறேன்.

2022 ஏப்ரலில் எங்கள் ஊர் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. 2024 ஜூன் 3-ல் சூறாவளிச் சுழல்காற்று வந்து எங்கள் ஊரையே தேடி அடித்தது. அதிலிருந்து, டோங்காட் என்றாலே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு "ஏதோ குறை இருக்கிறது, பரிகாரம் பண்ணுங்கள்" என்று சொல்லும் ஆட்கள் பெருகிவிட்டார்கள்.

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல், வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்திருப்பார். லாரி வந்தால் வாளியில் பாதிதான் பிடிப்பார், முழுசாகப் பிடித்தால் தூக்க முடியாது. பரிகாரம் சொன்ன யாரும் அந்த வரிசையில் நின்று நான் பார்க்கவில்லை. அம்மாவின் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது எதிர்வீட்டு ஜூலு பையன். அவனுக்கு நம்ம வினை, ஜாதகம் ஒன்றும் தெரியாது.

2022 வெள்ளத்தில் செத்தவர்கள் 400-க்கும் மேல். அதில் பலர் சரிவிலும் ஓடைக்கரையிலும் தகரக் குடிசை போட்டிருந்த ஏழைகள். அம்மன் குறிபார்த்து அவர்களைத்தான் அடித்தாள் என்றால், அந்த அம்மனை எனக்குத் தெரியாது.


உம்கேனிக்கரை:

அண்ணா, கமிட்டியில் நான் சொல்ல நினைத்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள். அனுமதித்தால் அடுத்த கூட்டத்தில் இதை வாசிக்கிறேன்.


கரும்புத்தோட்டம்:

வாசியுங்கள். பெயர் போட வேண்டாம்.


நீர்மட்டம்:

நான் குழாய், வடிகால் வேலை பார்க்கிறவள். கேள்விக்குறி அண்ணா சொன்னதில் பாதி சரி. மற்ற பாதியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மழை. 2022 ஏப்ரல் 11, 12-ல் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மேலடுக்குக் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனியாக நின்றுவிட்ட ஒரு தாழ்வழுத்தம் கடலிலிருந்து ஈரத்தை இழுத்து இங்கேயே கொட்டியதுதான் காரணம். வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற காலநிலை ஆய்வாளர் குழு கணக்குப் போட்டுச் சொன்னது இது: முன்பு 40 வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய அளவு மழை, பூமி சூடானதால் இப்போது 20 வருடத்துக்கு ஒருமுறை எதிர்பார்க்க வேண்டியதாகிவிட்டது. அம்மன் கோபம் என்பவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

அடுத்து, ஆடி மாதம். தமிழ்நாட்டில் ஆடி என்றால் காவிரியில் புதுத்தண்ணீர் வரும். இங்கே ஆடி குளிர்காலம், மழை குறைவு. வருடத்திலேயே ஆற்றில் தண்ணீர் மெலிந்து கிடக்கும் நேரம். வருகிற அழுக்கைக் கரைத்துக் கொண்டுபோக ஓட்டமே இருக்காது. முகத்துவாரத்தில் மணல் மேடு, அதற்குப் பின்னால் தேங்கிய தண்ணீர். மேலே பச்சைக் கம்பளம் மாதிரி ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் அழகு என்று நினைக்காதீர்கள். அது சாக்கடைச் சத்தைத் தின்று வளர்வது.

இப்போது முக்கியமான விஷயம். இந்த ஊரில் மழைநீருக்கு ஒரு குழாய், கழிவுநீருக்கு வேறு குழாய். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர்க் குழாய் நேராக ஓடைக்கும் ஆற்றுக்கும் போகும், நடுவில் ஒரு வடிகட்டிகூடக் கிடையாது. நம் ஆட்கள் இரண்டிலும் தப்புப் பண்ணுகிறார்கள். கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழியில் இணைத்துவிடுவார்கள். பெருமழை நாளில் குழாய் கொள்ளாமல் தெருமுனையில் மேன்ஹோல் மூடி தூக்கிக்கொண்டு மலமும் தண்ணீருமாக ரோட்டில் ஓடும். அண்டா கழுவுகிற தண்ணீரையோ முற்றத்து மழைநீர்ச் சல்லடையில் ஊற்றுவார்கள். அது ஆற்றுக்கு.

ஒரு கோயிலில் (பெயர் வேண்டாம்) திருவிழா முடிந்த மறுநாள் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வெஜிடபிள் பிரியாணி அண்டாக்கள், அப்பளம் பொரித்த எண்ணெய்ச் சட்டி. முற்றத்துச் சல்லடையின் கம்பிகளுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் கெட்டியாக உறைந்து, சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டினால் அடை அடையாக வந்தது. அந்தச் சல்லடைக்குக் கீழே இருக்கும் குழாய் எந்த ஓடையில் திறக்கிறது என்று கேட்டேன். கமிட்டிக்காரர் யாருக்கும் தெரியவில்லை. ஓடை கோயில் மதிலுக்குப் பின்னால்தான் ஓடுகிறது.

ஆக, பக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டு ஆற்றில் விடுகிற பூ கொஞ்சம். கும்பிடாமல், பார்க்காமல் விடுகிறது அதைவிட எவ்வளவோ அதிகம். கரகத்தைப் பற்றி நள்ளிரவு வரை பேசுகிற கமிட்டி, சமையல்கட்டுக் குழாயைப் பற்றி ஒரு நிமிடம் பேசியிருக்குமா?


கேள்விக்குறி:

சரி அக்கா, இது புதுத் தகவல். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நகராட்சி…


நீர்மட்டம்:

நகராட்சியை நான் விடவே இல்லை. உடைந்த ஏற்று நிலையத்துக்குக் கோயிலின் கிரீஸ் டிராப் (சமையல்கட்டு எண்ணெயைத் தடுத்துப் பிடிக்கிற தொட்டி) பதிலாகாது. ஆனால் ஒரு கோயில் தன் கடிதத்தாளில் வார்டு கவுன்சிலருக்குப் புகார் எழுதினால் அதற்கு ஒரு கனம் உண்டு. அப்படி எழுதும்போது நம் குழாய் சரியாக இருந்தால் தலைநிமிர்ந்து எழுதலாம்.


நெறியாளர்:

கட்சிப் பெயர்களைச் சொல்லிச் சண்டைபோட்ட சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நகராட்சியை விமர்சிக்கலாம், தேர்தல் பிரசாரம் வேண்டாம். இனத்தைக் குறித்து இழிவாக எழுதியவருக்கு இந்த இழையில் இனி இடமில்லை. தொடருங்கள்.


யாழ் குருக்கள்:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பூசை செய்கிறவன். சாத்திரப் பக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கும்பத்திலோ கரகத்திலோ ஆவாகனம் செய்யும் வரை அது பாத்திரம்தான். ஆவாகனம் செய்தால் அங்கே அம்பாள் எழுந்தருளுகிறாள். பூசை நிறைவில் உத்வாசனம் செய்து அவளை யதாஸ்தானத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் பூவும் இலையும் நிர்மால்யம். நிர்மால்யத்துக்கு ஒரே நியமம், கால்பட்டு மிதிபடக் கூடாது. அதற்காகத்தான் ஆறு, குளம், மரத்தடி என்று வைத்தார்கள். கோயில் நந்தவனத்தின் மூலையில் ஒரு குழி வெட்டி அதில் சேர்த்தாலும் குறையில்லை. ஒரு வருடத்தில் அது நல்ல பசளையாகிச் செவ்வந்திச் செடிக்கே திரும்பப் போகும்.

இன்னொன்று. கரகம் ஆகமத்துக்குள் கட்டுப்பட்ட விஷயம் அல்ல, ஊர் வழக்கம். ஊர் கூடி ஏற்படுத்தியதை ஊர் கூடி மாற்றிக்கொள்ளலாம். அதில் குருக்களுக்கு வீட்டோ ஒன்றும் கிடையாது (கமிட்டிக்காரர்கள் இதை மற்ற விஷயங்களுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம்).

உம்கேனிக்கரைத் தம்பி எழுதிய சேலையையும் படத்தையும் பற்றி: அம்பாளுக்கு விட்டதைத் திரும்ப எடுத்தால் தோஷம் என்று பலர் பயப்படுகிறார்கள். சேற்றில் கிடந்து மிதிபடுகிற நிர்மால்யத்தை எடுத்து ஒழுங்கான இடத்தில் சேர்ப்பது சேவை, தோஷம் அல்ல. கோயிலில் நால்வர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அப்பர் சுவாமியின் தோளில் சாய்ந்திருக்கும் உழவாரம் எதற்கு? புல் செதுக்க. பாடல் பாடிய கைதான் புல்லும் செதுக்கியது. உழவாரப் பணி என்று மாதம் ஒருமுறை கோயில் கூட்டிக் கழுவுகிற சபைகள் இங்கேயும் இருக்கின்றன. மதிலோடு ஏன் நிறுத்த வேண்டும்? மதிலுக்குப் பின்னால் ஓடும் ஓடைவரைக்கும் போகலாமே.


சாட்ஸ்வர்த் தாத்தா:

குருக்களையா சொன்னால் மறுக்க முடியாது. ஆனாலும் குழிக்குள் போடுவதும் ஓடும் தண்ணீரில் விடுவதும் எனக்கு ஒன்றாகத் தோன்றவில்லை. தண்ணீரில் விடும்போது கை காலியாகிறது பாருங்கள், அந்தக் கணத்தில் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கும். குழியில் அது இருக்காது. எழுபது வருடப் பழக்கம் பேசுகிறது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.


சிரிங்கா:

தாத்தா, உங்கள் பேத்தி வயதுதான் எனக்கு. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

"வழக்கம், வழக்கம்" என்கிறோம். புனித வெள்ளி அன்று மவுன்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் அத்தனை கூட்டம் கூடுகிறதே, எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தில் மாரியம்மனுக்குப் புனித வெள்ளி இருக்கிறது? தோட்ட முதலாளி லீவு கொடுத்த நாள் அது, அன்றைக்கே அம்மனுக்குத் திருவிழா வைத்துவிட்டார்கள். வேப்பிலை கிடைக்காத இடத்தில் வேம்பு மாதிரியே இருக்கும் சிரிங்கா மரத்து இலையைக் கட்டினார்கள். நம் பாட்டிமார் அதையே வேப்பிலை என்று சொல்லி அம்மை கண்ட பிள்ளையின் தலைமாட்டில் செருகினார்கள். அம்மன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தச் சிரிங்கா மரம் இன்றைக்கு அரசாங்கத்தின் அந்நிய ஆக்கிரமிப்பு மரப் பட்டியலில் இருக்கிறது. ஆற்றங்கரை நெடுக முளைத்து உள்ளூர் மரங்களை நெருக்குகிறது, பழம் வேறு விஷம். ஆற்றங்கரைக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம், அம்மனுக்கு வேண்டிய இலையை எல்லாம் அந்தக் கன்றுகளிலிருந்தே ஒடித்து, வேரோடு பிடுங்கிக்கொண்டு வருவதுதான். நேர்த்திக்கடனும் ஆச்சு, களையெடுப்பும் ஆச்சு. (என் புனைபெயரை வைத்துக் கிண்டல் செய்பவர்களுக்கு: தெரிந்துதான் வைத்தேன்.)

அவர்கள் அன்றைக்கு இருந்த நிலைமைக்கு மாற்றிக்கொண்டார்கள். நமக்கு மட்டும் ஏன் மாற்ற உரிமை இல்லை?


சாட்ஸ்வர்த் தாத்தா:

பேத்தி, வக்கீலுக்குப் படிக்கிறாயா? நன்றாக மடக்கினாய்.


கேள்விக்குறி:

பேத்திக்கு என் ஓட்டு. ஆனால் நான் முதலில் சொன்னதை விடவில்லை. ஆற்றங்கரையில் யார் குடியிருந்தார்கள், ஏன் என்று கேட்காமல் பொறுப்பைப் பற்றிப் பேசுவது பாதிக் கணக்கு. ஸ்பிரிங்ஃபீல்ட் வெள்ளச் சமவெளியில் நம் ஆட்கள் காய்கறித் தோட்டம் போட்டது ஆசைக்கா? வேறு நிலம் கிடைக்கவில்லை. டின் டவுன் என்ற தகரக் குடிசைக் குடியிருப்பு அங்கேதான் இருந்தது. 1976-ல் வெள்ளம் வந்தது, ஆட்களைத் தூக்கி ஃபீனிக்ஸில் போட்டார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ன் குழுப் பகுதிச் சட்டம் யாரை எங்கே குடிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். நம்மவர்கள் எழுந்துபோன பள்ளத்தில் இன்று வேறு ஏழைகள் இருக்கிறார்கள். தண்ணீர் அதே வழியில்தான் வருகிறது. கர்மவினை என்று பேசுகிறவர்கள் மேட்டில் வீடு கட்டியவர்கள்.


சாட்ஸ்வர்த் தாத்தா:

ஸ்பிரிங்ஃபீல்ட் என்றதும் 1917 ஞாபகம் வருகிறது. நான் பிறக்காத காலம், ஆனால் எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கண்ணால் பார்த்தது போல இருக்கும்.

அந்த அக்டோபரில் உம்கேனி பெருக்கெடுத்து ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளி முழுவதும் ஏறிவிட்டது. தோட்டக்காரக் குடும்பங்கள் கூரைமேலும் மரத்திலும் தொற்றிக்கொண்டிருந்தார்கள். ஏராளமானோர் போய்விட்டார்கள். கடலில் வலைபோட்டுப் பிழைத்த நம் ஆட்கள் ஆறு பேர், படவாட்டன் என்று இன்றும் சொல்கிறோமே அவர்கள், ஒரு படகை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளத்தில் இறங்கினார்கள். திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். மரக்கட்டையும் வீட்டுக் கூரையும் செத்த மாடும் உருண்டு வருகிற தண்ணீரில் துடுப்புப் போடுவது என்றால் என்ன என்று படகு பிடித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கேள்விக்குறி சொல்வது போல அந்த ஜனங்களைப் பள்ளத்தில் இருக்கவிட்டது வெள்ளைக்காரச் சட்டம். அதை அந்த ஆறு பேர் மாற்றியிருக்க முடியாது. படகு இருந்தது, போனார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.


நீர்மட்டம்:

தாத்தா, இந்தக் காலத்துப் படகு ஒன்றைச் சொல்கிறேன். பால்மியட் ஓடைக்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே மக்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நகராட்சி ஆட்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மேலே மழை பிடித்தால் எச்சரிக்கை கீழே வரும். ஓடை ஏறுவதைக் கரையில் இருப்பவர்கள் படமெடுத்துப் போடுவார்கள். 2022 ஏப்ரல் ராத்திரியில் அங்கே ஏராளமான குடிசைகள் போயின, ஆனால் ஆட்கள் முன்கூட்டியே மேட்டுக்கு ஏறிவிட்டதால் உயிர் தப்பியது. போனில் பார்த்ததைப் பக்கத்துக் குடிசைக் கதவைத் தட்டிச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நம் கோயில் வாட்ஸ்அப் குழுக்களில் காலையில் நூறு சாமி படம் வருகிறது. மழை நாளில் ஓடை மட்டம் ஒன்று வந்ததுண்டா?


கேள்விக்குறி:

"இனிய காலை வணக்கம்" ரோஜாப்பூவை மறந்துவிட்டீர்கள்.


மதுரைக்காரன் (உம்லங்கா):

நான் வேலைக்காக வந்து சில வருடங்கள்தான் ஆகிறது, வழக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை குறைவு. ஒன்று மட்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் பூச்சிமருந்துக் கிடங்கு எரிந்து, மருந்து கலந்த தண்ணீர் ஆற்றுவழியே எங்கள் உம்லங்கா முகத்துவாரத்துக்கு வந்தது. மீன்கள் செத்து மிதந்தன, கடற்கரையை வெகுநாள் மூடினார்கள். யார் கொளுத்தினார்கள், யார் அங்கே கிடங்கு வைத்தார்கள், யார் அனுமதித்தார்கள் என்று ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டினோம். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கிடங்கில் இருந்தது எந்தப் பயிருக்கு அடிக்கிற மருந்து, அந்தப் பயிர் யார் தட்டுக்கு வருகிறது என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. நானும் தினமும் தக்காளி வாங்குகிறவன்தான்.


கேள்விக்குறி:

அப்படிப் போனால் மூச்சுவிடுவதும் குற்றம்தான், மதுரை.


மதுரைக்காரன்:

குற்றம் என்று சொல்லவில்லை அண்ணா. தெரிந்துகொண்டு சாப்பிடுவோம் என்கிறேன்.


உம்கேனிக்கரை:

நேற்று மறுபடி கமிட்டி கூடியது. டோங்காட் அண்ணாவின் பதிவை வாசித்தேன். அம்மன் கோபம் என்று சொன்ன பெரியவர் முழுசும் கேட்டார். "வாளி தூக்கினது நம்ம பையன் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை, ஆதரித்தும் பேசவில்லை.

முடிவானது இவ்வளவுதான். கரகம் ஆற்றங்கரையில் ஜோடிக்கப்படும், அதில் மாற்றமில்லை. சாயங்காலம் கரகத்துத் தண்ணீரை மட்டும் ஆற்றில் ஊற்றுவோம், அது மஞ்சள் தண்ணீர்தான். பூவும் இலையும் கோயில் தோட்டத்துக் குழிக்குப் போகும். பிளாஸ்டிக் உறை எதுவும் கரைக்கு வரக் கூடாது, மஞ்சள், குங்குமம் எல்லாம் வீட்டிலேயே கிண்ணத்தில் மாற்றிக்கொண்டு வர வேண்டும். இதில் இரண்டு பேருக்குச் சம்மதமில்லை. அவர்கள் தனியாகப் போய் விடுவோம் என்றார்கள். தடுக்கவில்லை.

சமையல்கட்டுக் குழாயைத் திறந்து பார்க்க ஒரு பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறோம். கூட்டத்தில் பெரிய சண்டையே இதில்தான். கிரீஸ் டிராப் வைக்கிற காசில் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று ஒரு கட்சி. இன்னும் தீரவில்லை.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம். நீர்மட்டம் அக்கா, என்னென்ன எடுத்துவர வேண்டும்?


நீர்மட்டம்:

தடித்த ரப்பர் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ். கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் தண்ணீர்ப் பக்கம் வேண்டாம், மேலே சாக்கு கட்டட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு வெகுகாலமானவர்கள் முன்னாடியே போட்டுக்கொள்ளுங்கள். நீர் வடிந்த நேரம் பார்த்துப் போங்கள், அலை ஏறும் நேரம் வேண்டாம். சதுப்புமரக் கன்றுகளைக் களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் சிரிங்கா பிடுங்கட்டும், பழத்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.


சிரிங்கா:

அந்த ஆள் நான்.


உம்கேனிக்கரை:

குருக்களையா, எடுக்கிற சேலைகளை என்ன செய்வது? எரிப்பதா, புதைப்பதா? சிலது நல்ல பட்டு.


யாழ் குருக்கள்:

மக்கிப்போன பருத்தியைப் புதைக்கலாம். நைலானை எரிக்காதீர்கள், புகை கெட்டது, அதைக் குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டும், மனம் நோக வேண்டாம். நல்ல சேலையைத் துவைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். அம்பாள் உடுத்தினதை ஒரு பெண் உடுத்தினால் அம்பாளுக்கு என்ன குறை? படங்களில் கண்ணாடியையும் சட்டத்தையும் பிரித்துவிட்டுக் காகிதத்தை மட்டும் என்னிடம் கொண்டுவாருங்கள்.


சாட்ஸ்வர்த் தாத்தா:

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். குனிய முடியாது, சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் என் வீட்டுக் கரகத்தை நான் ஓடும் தண்ணீரில்தான் விடுவேன். பூ மட்டும்தான், நூல்கூட இருக்காது. இதில் யாரும் என்னை மாற்றப் பார்க்க வேண்டாம்.


உம்கேனிக்கரை:

தாத்தா, உங்களை யார் மாற்றுவது! வந்தால் போதும். இன்னொரு சிக்கல், சாக்குகளைக் குப்பைக் கிடங்குவரை கொண்டுபோக வண்டி இல்லை. கமிட்டித் தலைவரின் பக்கி (பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி) கியர்பாக்ஸ் போய் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது.


கரும்புத்தோட்டம்:

என்னிடம் ஒரு டன் பக்கி இருக்கிறது. டோங்காட்டிலிருந்து வந்துபோகும் டீசலை மட்டும் கமிட்டி போட்டால் சரி. காலை எத்தனை மணிக்கு?